எம்பி3 பிளேயர்: சார்ஜ் ஏறுகிறது, கணினி கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது

கரிசல்மண் | சனி, காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

2011இல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன எம்பி3 பிளேயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. 4 ஜிபி. பாட்டு, எஃப்எம், குரல் பதிவு மூன்றும் உண்டு. பீரோவில் துணிக்கு அடியில் பல வருடமாகக் கிடந்தது. போன வாரம் எடுத்து லேப்டாப்பில் செருகினேன், விண்டோஸ் 11. பிளேயர் திரையில் பேட்டரிப் படம் வருகிறது, கோடும் ஏறுகிறது. லேப்டாப்போ எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறது. சத்தமும் இல்லை, டிரைவும் வரவில்லை. இடது பக்கத் துளை, வலது பக்கத் துளை இரண்டிலும் பார்த்தாகிவிட்டது. லேப்டாப்பை அணைத்துப் போட்டும் பார்த்தேன்.

பாட்டு போனால் போகட்டும். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் 2012 ஆடி முளைப்பாரிக்குப் பெண்கள் கும்மி கொட்டிப் பாடியதை இதில்தான் பதிவு செய்திருந்தேன். எங்கள் அத்தைதான் முன்பாட்டு. அன்று பாடியவர்களில் பலர் இன்று இல்லை. இயர்போனில் கேட்கலாம் என்றால் ஒரு காதில் மட்டும் வருகிறது, அதுவும் கரகரவென்று. அண்ணன் மகன் ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும் என்கிறான். போடலாமா?

ஈயப்பற்று | சனி, காலை 10:05

போடக்கூடாது. ஃபார்மேட் போட்டால் உள்ளே இருக்கும் பதிவெல்லாம் போய்விடும். உங்கள் அண்ணன் மகனுக்கு அந்த லேப்டாப் பக்கமே வேலை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

சத்தம்கூட வரவில்லை என்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. செருகியதும் டொய்ங் என்று ஒரு சத்தம் வந்தால், ஏதோ வந்திருக்கிறது என்றாவது கணினிக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவே வராவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளை. சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பி ஓடும். இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் போடுவதற்கென்றே மலிவாக வரும் கேபிளில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பேட்டரிக் கோடு அழகாக ஏறும், கணினிக்கு ஒரு செய்தியும் போகாது. உங்கள் கதையும் அதேதான்.

பிளேயரோடு வந்த கேபிள்தானா இது?

டீக்கடைபெஞ்சு | சனி, காலை 10:31

இந்தக் காலத்தில் யார் எம்பி3 பிளேயர் வைத்திருக்கிறார்கள்? போனில் கேட்டுவிட்டுப் போகலாமே.

ஈயப்பற்று | சனி, காலை 10:33

அவர் அத்தை போனில் இல்லை தம்பி. பதிவை முழுதாகப் படியுங்கள்.

கரிசல்மண் | சனி, மதியம் 12:15

பிளேயரோடு வந்தது எங்கே போனதோ தெரியவில்லை. இது ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வந்த கேபிள். பிளேயர் பக்கத்து முனை போன் மாதிரி தட்டையாக இருக்காது, கொஞ்சம் தடிப்பாக, ஓரம் மடங்கிய மாதிரி இருக்கும்.

ஈயப்பற்று | சனி, மதியம் 12:20

மினி யூஎஸ்பி. இப்போது கடையில் கேட்டால் மைக்ரோ யூஎஸ்பியை எடுத்து நீட்டுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள். பழைய டிஜிட்டல் கேமரா, கார்டு ரீடர், வெளியே வைக்கும் பழைய ஹார்டு டிஸ்க் இவற்றுக்கெல்லாம் இதே முனைதான். ஊரில் போட்டோ ஸ்டூடியோ இருந்தால் அங்கே கேளுங்கள். கேமராவிலிருந்து படம் இறக்கிய கேபிள் என்றால் தகவல் கம்பி நிச்சயம் இருக்கும்.

பழையரேடியோ | சனி, மாலை 4:02

இந்தச் ‘சார்ஜ் மட்டும் ஏறும்’ வியாதி பழசு. 2001இல் வந்த ஆப்பிளின் முதல் ஐபாட் 5 ஜிபி, அதற்கு ஃபயர்வயர் என்ற வேறு வகைக் கேபிள்தான் கதி. அப்புறம் யூஎஸ்பி உள்ளே வந்தது. 2005இல் ஐந்தாம் தலைமுறை வந்தபோது ஃபயர்வயரில் சார்ஜ் ஏறும், பாட்டு ஏறாது. பழைய ஃபயர்வயர் கேபிளை வைத்துக்கொண்டு பிளேயர் கெட்டுவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எண்ணிச் சொல்ல முடியாது. சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் எப்படிக் கெட்டிருக்கும் என்று என்னிடமே வாதாடுவார்கள்.

கரிசல்மண் | ஞாயிறு, மாலை 6:50

ஸ்டூடியோவில் ஒரு கேபிள் கொடுத்தார்கள். முன்னேற்றம் என்று சொல்லலாமா தெரியவில்லை. டொய்ங் என்று சத்தம் வந்தது, உடனே இன்னொரு சத்தம். மூலையில் ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று ஒரு செய்தி. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்று மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கிறது, பக்கத்தில் ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று போட்டிருக்கிறது. உள்ளே பிழை எண், கோடு 43.

டிரைவர், அதாவது கருவியோடு பேச விண்டோஸுக்கு வேண்டிய மென்பொருள், இறக்க வேண்டும் என்று இணையத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஒரு தளம் எல்லா டிரைவரையும் தானே தேடிப் போடுமாம். இறக்கட்டுமா?

வைகைவடகரை | ஞாயிறு, இரவு 8:10

இறக்காதீர்கள். ‘எல்லா டிரைவரும் நாங்களே போடுகிறோம்’ என்று வருகிற மென்பொருளில் பாதி, கேட்காத சரக்கையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போகும். தவிர, இந்த இடத்தில் டிரைவருக்கு வேலையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பிளேயரைச் செருகியதும் அது தகவல் கம்பி ஒன்றை 3.3 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும். வாசலில் வந்து கதவைத் தட்டுகிற மாதிரி. உங்கள் கணினி எழுப்பிய முதல் டொய்ங் அதற்குத்தான். உடனே கணினி ‘யார் நீ’ என்று கேட்கும். பிளேயர் 18 பைட்டில் ஒரு பதில் அனுப்ப வேண்டும். அதில்தான் எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள் என்ற இரண்டு எண்களும் இருக்கும். அந்த எண்களை வைத்துத்தான் எந்த டிரைவர் என்று விண்டோஸ் முடிவெடுக்கும். டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு என்றால் அந்த 18 பைட் ஒழுங்காக வந்து சேரவில்லை. வந்தவர் பெயரே தெரியாதபோது யாருக்கென்று டிரைவர் தேடுவது?

ஆக, கதவு தட்டுகிறது, பெயர் சொல்ல வாய் வரவில்லை. காரணம் கேபிள் தளர்வாக இருக்கலாம், முனையில் அழுக்கு இருக்கலாம், பேட்டரி செத்திருக்கலாம், பிளேயரின் உள்மென்பொருள் தொங்கிப் போயிருக்கலாம்.

நெல்மூட்டை | ஞாயிறு, இரவு 8:44

டிரைவரே வேண்டாம் என்று அடித்துச் சொல்வது சரியில்லை. எனக்கு இதே கோடு 43 வந்தது. டிவைஸ் மேனேஜரில் அதை வலது சொடுக்கி அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்பச் செருகினேன், வந்துவிட்டது.

வைகைவடகரை | ஞாயிறு, இரவு 9:01

நீங்கள் செய்தது டிரைவர் இறக்குவது இல்லையே, டிவைஸ் மேனேஜரில் இருந்த பழைய குறிப்பை அழித்துவிட்டு மறுபடி கேட்க வைத்தீர்கள். அது நல்ல யோசனைதான், காசும் ஆகாது. செய்து பாருங்கள் கரிசல்மண். அதோடு லேப்டாப்பை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். சும்மா ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டினால் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். பழைய குழப்பம் அப்படியே மறுநாளும் எழுந்து வரும்.

ஈயப்பற்று | ஞாயிறு, இரவு 9:30

கடையில் நான் பார்க்கிற வரிசையைச் சொல்கிறேன். முதலில் பிளேயரை மேசையில் மல்லாக்க வைத்து, பின்மூடி உப்பியிருக்கிறதா, ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். லித்தியம் பேட்டரி, விளையாட்டில்லை. குத்துவது, நெம்புவது எதுவும் கூடாது.

உப்பவில்லை என்றால் கணினியை விட்டுவிட்டு, சுவரில் செருகும் போன் சார்ஜரில் போட்டு மூன்று மணி நேரம் விடுங்கள், பார்வையில் இருக்கட்டும். வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி ரொம்பக் கீழே போயிருக்கும். இந்த மாதிரிப் பிளேயர்களில் பல, கணினியில் செருகியிருந்தாலும் பேட்டரி வழியாகத்தான் ஓடும். பேட்டரி தெம்பில்லாமல் இருந்தால் எழுந்திருக்கும், பதில் சொல்லப் போகும், வோல்டேஜ் விழும், மயங்கிவிடும். இரண்டு டொய்ங் அடுத்தடுத்து வந்தது என்றீர்களே, எனக்கு அதுதான் காதில் விழுகிறது.

துளைக்குள் பஞ்சும் தூசியும் இருந்தால் காய்ந்த பல்துலக்கும் பிரஷ் போதும். ஊக்கு, குண்டூசி வேண்டாம். அங்கே பின் ஒன்று வளைந்தால் அப்புறம் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

கடைசியாக, வீட்டில் பழைய யூஎஸ்பி 2.0 ஹப் (ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டி) இருந்தால் நடுவில் அதைப் போட்டுச் செருகிப் பாருங்கள். சில பழைய பிளேயர்களுக்குப் புது லேப்டாப்பின் வேகமான துளையோடு ஒத்துப்போகாது. எனக்கே முழுக் காரணம் பிடிபடவில்லை, ஆனால் ஹப்பைப் போட்டதும் வேலை செய்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பனைவடலி | ஞாயிறு, இரவு 10:12

இடையில் வந்து குழப்புறதுக்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். எனக்கும் கிட்டத்தட்ட இதே கரைச்சல், ஆனால் பிளேயர் புதுசு. டைப் சி முனை. மடிக்கணினியிலும் டைப் சி. இரண்டு பக்கமும் சி உள்ள நல்ல கேபிள் போட்டால் ஒண்டும் இல்லை, சார்ஜும் ஏறாது. அதே கேபிளில் கைத்தொலைபேசி வேலை செய்யுது.

வைகைவடகரை | ஞாயிறு, இரவு 10:25

பெட்டியோடு வந்த கேபிளின் மறுமுனை பழைய மாதிரி அகலமானதா? அதை மடிக்கணினியின் அகலத் துளையில் போடுங்கள்.

இரண்டு பக்கமும் சி என்றால், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கணினி கரண்டே விடும். கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருந்தால்தான் அது தெரியும். சில மலிவுப் பிளேயர்களில் காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். அகல முனைக் கேபிளில் கரண்டு எப்போதும் வந்துகொண்டே இருக்கும் என்பதால் அங்கே பிரச்சினை தெரியாது.

பனைவடலி | ஞாயிறு, இரவு 10:41

வந்திட்டுது! நன்றி அண்ணை. மூண்டு நாள் மினக்கெட்டது.

கரிசல்மண் | செவ்வாய், மாலை 5:30

ஈயப்பற்று அண்ணே, பின்மூடி சமமாகத்தான் இருக்கிறது. சுவர் சார்ஜரில் மூன்று மணி நேரம் போட்டேன். துளையில் பிரஷ் போட்டதில் கொஞ்சம் பஞ்சு வந்தது. பள்ளியில் கணினி அறையிலிருந்து பழைய ஹப் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தேன். டிவைஸ் மேனேஜரில் பழைய குறிப்பை அழித்து, ஷிஃப்ட் பிடித்து அணைத்து, எல்லாம் செய்தேன். எதனால் என்று தெரியவில்லை, கோடு 43 போய்விட்டது. பிளேயரின் பெயரே வருகிறது!

ஆனால் இன்னும் மஞ்சள் முக்கோணம் இருக்கிறது. ‘எம்டிபி’ என்று ஏதோ போட்டிருக்கிறது. டிரைவ் எதுவும் வரவில்லை.

வைகைவடகரை | செவ்வாய், மாலை 5:52

பெயர் சொல்லிவிட்டது, அதுவே பெரிய விஷயம். இனிமேல் டிரைவர் பற்றிப் பேசலாம்.

எம்பி3 பிளேயர்கள் கணினியோடு இரண்டு விதமாகப் பேசும். ஒன்று பென் டிரைவ் மாதிரி, எம்எஸ்சி என்பார்கள். பிளேயர் தன் நினைவகத்தையே கணினியிடம் ஒப்படைத்துவிடும். இன்னொன்று எம்டிபி. இதில் பிளேயர் சாவியைத் தராது. எந்தக் கோப்பு வேண்டும் என்று கேட்டால் உள்ளே போய்த் தானே எடுத்துக் கொடுக்கும். ஆண்ட்ராய்டு போனில் கோப்பு மாற்றுகிறோமே, அதுவும் எம்டிபிதான்.

அதனால் ஒரு சோதனை. உங்கள் போனை அதே லேப்டாப்பில் செருகி, கோப்பு பரிமாற்றம் என்று கொடுங்கள். போனில் உள்ள படங்கள் தெரிகின்றனவா?

நெல்மூட்டை | செவ்வாய், மாலை 6:15

இவ்வளவு எதற்கு? பிளேயரின் செட்டிங்ஸில் யூஎஸ்பி மோடு என்று இருக்கும். அதை எம்எஸ்சி என்று மாற்றினால் பென் டிரைவாக வந்துவிடும்.

கரிசல்மண் | செவ்வாய், இரவு 7:40

சுலபமாக இருக்கிறதே என்று நெல்மூட்டை சொன்னதை முதலில் செய்தேன். டிரைவ் வந்தது, எழுத்து ஈ. திறந்தால் ‘இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா’ என்று கேட்கிறது. கை நடுங்கிவிட்டது. கேன்சல் கொடுத்து உருவிவிட்டேன். எல்லாம் போய்விட்டதா?

ஈயப்பற்று | செவ்வாய், இரவு 7:44

போகவில்லை. கேன்சல் கொடுத்தீர்கள் இல்லையா, அது போதும்.

பழையரேடியோ | செவ்வாய், இரவு 8:05

‘ஃபார்மேட் செய்யவா’ என்ற கேள்விக்கு ‘எனக்கு இது படிக்கத் தெரியவில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். மேக்கில் தயார் செய்த பழைய ஐபாடை விண்டோஸில் செருகினாலும் இதையேதான் கேட்கும். உள்ளே ஆயிரம் பாட்டு சேதாரமில்லாமல் இருக்கும். படிக்கத் தெரியாதவனிடம் புத்தகத்தைக் கொடுத்தால் ‘கிழித்துவிட்டு வெள்ளைத்தாள் வைக்கவா’ என்று கேட்டானாம்.

நெல்மூட்டை | செவ்வாய், இரவு 8:20

நான் ஃபார்மேட் போடச் சொல்லவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் டிரைவில் உள்ள பிழையைத் திருத்தும் விண்டோஸ் கருவி இருக்கிறதே, செக்டிஸ்க், அதை ஓட்டினால் சரியாகுமே?

பனிப்பறவை | செவ்வாய், இரவு 9:10

செக்டிஸ்க்கும் வேண்டாம், இப்போதைக்கு. அது இருக்கிற இடத்திலேயே எழுதித் திருத்தும். திருத்தம் தப்பாகப் போனால் திரும்பி வர வழி இல்லை. முதலில் அந்த 4 ஜிபியை அப்படியே பிரதி எடுக்க வேண்டும். அப்புறம் பிரதியின் மேல் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

அக்கா, ஒரு பென் டிரைவில் உபுண்டு (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம், இலவசம்) போட்டு, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பத் தெரியுமா? விண்டோஸைத் தொட வேண்டியதில்லை. தெரியாவிட்டால் அந்த அண்ணன் மகனைக் கூப்பிடுங்கள், இந்தமுறை அவனுக்கு நல்ல வேலை இருக்கிறது.

வைகைவடகரை | செவ்வாய், இரவு 9:22

பிரதி எடுப்பதை வழிமொழிகிறேன். ஆனால் அதற்கு முன்னால் எம்டிபியை ஒருமுறை முயலலாம். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிளேயருக்குத் தன் நினைவகம் படிக்கத் தெரிகிறது. இயர்போனில் ஒரு காதிலாவது பாடுகிறதே. எம்டிபியில் அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். போன் சோதனை என்ன ஆயிற்று?

கரிசல்மண் | புதன், காலை 7:15

போனும் சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது. கோப்பு பரிமாற்றம் கொடுத்தாலும் எதுவும் தெரியவில்லை. இந்த லேப்டாப்பில் போனைச் செருகியதே இல்லை என்பதால் இது எனக்கு இன்றுதான் தெரியும்.

வைகைவடகரை | புதன், காலை 7:31

அப்படியானால் இந்தக் குற்றம் பிளேயருடையது இல்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போய் விண்டோஸ் பெயரை எழுத்து விடாமல் எழுதுங்கள்.

கரிசல்மண் | புதன், காலை 7:38

விண்டோஸ் 11 ப்ரோ என்.

வைகைவடகரை | புதன், காலை 7:40

அந்தக் கடைசி ‘என்’தான் ஆள். லேப்டாப் எங்கே வாங்கியது?

கரிசல்மண் | புதன், காலை 7:49

தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். அவன் பயன்படுத்தியதை எனக்குக் கொடுத்தான். விண்டோஸையும் அவனேதான் புதிதாகப் போட்டுக் கொடுத்தான்.

வைகைவடகரை | புதன், காலை 8:05

பட்டியலில் கை தவறி அதைத் தேர்ந்தெடுத்திருப்பார். 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்துக் கட்டி விற்கக்கூடாது என்று. அதற்காக வந்ததுதான் இந்த என் பதிப்பு. மீடியா பிளேயரைக் கழற்றியபோது அதோடு எம்டிபி வேலை செய்யத் தேவையானவையும் சேர்ந்து போய்விட்டன. ஐரோப்பாவில் யாரோ போட்ட வழக்கு, கோவில்பட்டியில் முளைப்பாரிப் பாட்டை மறிக்கிறது.

மருந்து இலவசம். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, அதில் மீடியா ஃபீச்சர் பேக் என்பதைச் சேர்த்து, லேப்டாப்பை அணைத்துப் போடுங்கள். பிளேயரை எம்டிபிக்கே திருப்பிவிட்டுச் செருகுங்கள்.

கரிசல்மண் | புதன், இரவு 9:05

வந்துவிட்டது! போனும் வந்துவிட்டது, பிளேயரும் வந்துவிட்டது. மியூசிக், ரெக்கார்டு என்று இரண்டு கோப்புறை. ரெக்கார்டில் 10 கோப்புகள். ஒன்பதையும் லேப்டாப்பிலும் ஒரு பென் டிரைவிலும் ஏற்றிவிட்டேன். அத்தை குரல் தெளிவாக இருக்கிறது, பின்னால் கொட்டுச் சத்தம், யாரோ ஒரு பிள்ளை அழுகிறது.

பத்தாவதுதான் முக்கியமானது. கடைசி நாள், முளைப்பாரி கரைக்கப் போவதற்கு முன் பாடியது. அது 0 பைட் என்று காட்டுகிறது. பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பிளேயர் அணைந்து போனது எனக்கு நினைவிருக்கிறது. அது அவ்வளவுதானா?

பனிப்பறவை | புதன், இரவு 9:40

அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது. சின்னப் பதிவுக் கருவிகளில் பல, ஒலியை நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும். கோப்பு எவ்வளவு பெரியது என்பதைக் கடைசியில் நிறுத்துப் பொத்தானை அழுத்தும்போதுதான் குறிக்கும். நடுவில் பேட்டரி போனால் அளவு 0 என்றே நின்றுவிடும், ஒலி பின்னால் அநாதையாகக் கிடக்கும். அப்புறம் வேறு ஏதாவது பதிவு செய்தீர்களா, பாட்டு ஏற்றினீர்களா? செய்திருந்தால் அதன்மேல் எழுதியிருக்கும்.

கரிசல்மண் | புதன், இரவு 9:52

இல்லை. அதற்கப்புறம் பீரோவுக்குள் போனதுதான்.

பனிப்பறவை | புதன், இரவு 9:55

சோம்பல் நல்லதும் செய்யும். எம்டிபியில் இது கிடைக்காது, பிளேயர் 0 பைட் என்றால் 0 பைட்தான் கொடுக்கும். எம்எஸ்சிக்கு மாற்றி, உபுண்டுவில் பிரதி எடுக்க வேண்டியதுதான். கட்டளைகளைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அண்ணன் மகன் பக்கத்தில் இருக்கட்டும். எந்த டிரைவிலிருந்து எந்த டிரைவுக்கு என்பதை இரண்டுமுறை படித்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும். அதை மாற்றித் தட்டினால் நான் பொறுப்பில்லை.

பனிப்பறவை | வெள்ளி, இரவு 10:30

நேற்று இரவு இரண்டு மணி நேரம் போனில் பேசியே முடித்தோம். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் கருவியை வைத்து 4 ஜிபியையும் ஒரே கோப்பாக எடுத்தோம். 20 நிமிடம் ஆயிற்று, படிக்க முடியாத இடம் ஒன்றும் இல்லை. அதில் இன்னொரு பிரதி எடுத்து, அதன்மேல்தான் மற்ற வேலையெல்லாம். நினைவகம் ஃபேட்32 என்ற கோப்பு அடுக்கும் முறையில் இருந்தது. அந்த முறையில் முதல் பிரிவிலுள்ள (எண் 0) தகவலுக்கு ஒரு நகல் எண் 6 உள்ள பிரிவில் இருக்கும். எஃப்எஸ்சிகே என்ற சரிபார்க்கும் கட்டளையை ஓட்டியதும், இரண்டும் ஒத்துப்போகவில்லை, எதை எதன்மேல் எழுத என்று கேட்டது. முதலாவது கெட்டிருந்தது, நகல் நன்றாக இருந்தது. விண்டோஸ் ஃபார்மேட் கேட்டதற்குக் காரணம் அதுதான். பிளேயர் மட்டும் எப்படிப் படித்தது என்றால், அதன் உள்மென்பொருள் விண்டோஸ் அளவுக்குக் கறாராகச் சரிபார்ப்பதில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாத துண்டுகளைக் கோப்பாக்கச் சொன்னதில் 77 எம்பியில் ஒன்று வந்தது. மற்ற ஒன்பதும் 16 பிட், ஒற்றைத் தடம், நொடிக்கு 16,000 ஒலி அளவீடுகள் (சாம்பிள்). அப்படியென்றால் நொடிக்கு 32,000 பைட். கணக்குப் போட்டால் 40 நிமிடம்! தலைப்பகுதியில் அளவு 0 என்று இருந்ததால் எந்தப் பிளேயரும் திறக்கவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தும் மென்பொருளில் ரா டேட்டா, அதாவது தலைப்பகுதியைப் பார்க்காத வெறும் தகவல், என்று உள்ளே இழுத்தோம். முதலில் 44,100 என்று விட்டுவிட்டதால் அத்தனை பெண்களும் கிளிப்பிள்ளை மாதிரி கீச்சுகீச்சென்று பாடினார்கள். அண்ணன் மகன் சிரித்ததில் போனே கீழே விழுந்தது. 16,000 என்று மாற்றியதும் கும்மி வந்தது.

நெல்மூட்டை | வெள்ளி, இரவு 10:48

செக்டிஸ்க் ஓட்டச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கரிசல்மண் | ஞாயிறு, காலை 11:20

நேற்று ஊருக்குப் போய் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். 40 நிமிடமும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, மூன்றாவது பாட்டில் முன்பாட்டு தான் இல்லை, அது கீழத்தெரு சின்னம்மா என்றார்கள். அந்தச் சின்னம்மா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அவர்கள் வீட்டில் இருந்து பேத்தி வந்து போனில் ஏற்றிக்கொண்டு போனாள். இரண்டு இடத்தில் பாட்டு தப்பு என்று அத்தை திருத்தமும் சொன்னார்கள், அதையும் பதிவு செய்திருக்கிறேன், இந்தமுறை போனில்.

எல்லோருக்கும் நன்றி.

ஈயப்பற்று | ஞாயிறு, காலை 11:34

நல்லது அம்மா. பிளேயரை மறுபடி பீரோவில் போடுவதானால் பாதி சார்ஜில் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உப்பினால் நீங்களே நெம்ப வேண்டாம், பழுதுபார்க்கும் கடையில் நேரில் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஸ்டூடியோக்காரர் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?

கரிசல்மண் | ஞாயிறு, காலை 11:36

இன்னும் இல்லை.